கொருக்குப்பேட்டை கேட், இரவு 1.47

ஒரே ஆள் மூன்று எண்ணுக்கும் அடித்திருக்கிறான்.
நூறு, நூற்றியொன்று, நூற்றியெட்டு.
எது முதலில் வருதோ வரட்டும் என்று.

மூன்றும் வந்தோம்.
வந்து
கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

அத்திப்பட்டில் கரி கொட்டிவிட்டுத் திரும்பும் காலிப் பெட்டிகள்.
ஐம்பத்தெட்டு. எப்போதும் எண்ணுவேன்,
ஆக்ஸிலேட்டரில் வைத்த காலுக்கு வேறு வேலையில்லை.
இன்று இருபத்தொன்றில் நின்றுவிட்டது வண்டி.
சிக்னல் விழவில்லையாம்.
சைரனை அணைத்தேன்.
கூட்ஸுக்குக் காது கிடையாது.

"அட்ரஸ் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறது தேனாம்பேட்டை.
"தண்ணி டேங்க்காண்ட லெஃப்ட்டு,
முட்டுச் சந்து,
யாரையாச்சும் கேளு, சொல்வாங்கோ."
அந்தச் சந்தின் வெளிச்சம் இங்கிருந்தே தெரிகிறது,
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே
ஒரு சாண் அகல ஆரஞ்சு.

தீயணைப்பு தேசப்பன் இறங்கி பீடி பற்றவைக்கப் போனவர்
யோசித்துத் திரும்பப் பையில் வைத்தார்.
ஐயாயிரம் லிட்டர் தண்ணீர் அவர் முதுகுக்குப் பின்னால்
சும்மா நின்றது.
ரோந்து ஜீப்பில் எஸ்.ஐ. பர்வீன்
யாருக்கோ போன் போட்டு, அவர் யாருக்கோ போடச் சொல்ல,
"லைன்லயே இருங்க" என்றது ஒரு பெண் குரல்,
மூன்று மொழியில்.

என் வண்டி நர்ஸ் ஜெபசீலி நாசரேத்துக்காரி.
ஊரில் சத்தமாகப் பேசினால் அப்பா முறைப்பாராம்.
இப்போது தண்டவாளத்தில் முட்டி போட்டு
சக்கரங்களுக்கு இடையே கத்துகிறாள்:
"இங்க் ஊத்தாதிய!
பேஸ்ட் தடவாதிய!
பச்சத்தண்ணி! பச்சத்தண்ணி மட்டும்!"
அந்தப் பக்கத்திலிருந்து யாரோ:
"தண்ணி லாரி நாளிக்குத்தான் வரும்கா!"

பிறகு
மீன்பாடி வண்டி ஒன்று வரும் சத்தம்.
மோட்டார் இருமுகிற அந்தச் சத்தத்தை
வேறெதனோடும் குழப்ப முடியாது.
ஐஸ் தட்டின் மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்
டெல்லிபாபுவை.
விடிந்தால் யார் வீட்டிலோ மஞ்சள்நீர்,
இரண்டு அண்டா பிரியாணி,
டியூப் கழன்றிருக்கிறது.
தீயை அவர்களே அணைத்தாயிற்று:
ஈரச் சாக்கு, மணல்,
ஊறவைத்த அரிசி, தண்ணியோடு.

கேட்காரர் பீகார் ஆள். பெயர் தெரியாது எனக்கு,
நாலு வருஷமாகத் தலையாட்டிக்கொள்கிறோம்.
சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு
இன்ஜின் பக்கம் ஓடினார்,
செருப்பில்லாமல், ஜல்லியில்.
விளக்கு தூரத்தில் இடமும் வலமும் ஆடியது.
பர்வீன் "நகர்த்தாதே" என்பதை இந்தியில் யோசித்து
கடைசியில் தமிழிலேயே போனில் கத்தினார்.

இரண்டு பெட்டி சேரும் கொக்கி மேல்
தேசப்பன் காலை அகட்டி நின்றார்.
அந்தப் பக்கம் ஆறு கை, இந்தப் பக்கம் நாலு.
பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தபடி
ஒரு மனிதன் கூட்ஸைத் தாண்டினான்,
தோள் உரிந்து,
"அண்டா என்னாச்சு, அண்டா என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே.
யாரும் பதில் சொல்லவில்லை.

கீழ்ப்பாக்கம் பதினெட்டு நிமிஷம்.
பின்னாலிருந்து ஜெபசீலியின் குரல், மறுபடி தாழ்ந்து,
அவனோடு அண்டாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது.
எத்தனை படி அரிசி, எந்தக் கடைக் கறி.
அவன் தூங்கிவிடக் கூடாது.

ஒப்படைத்துவிட்டுப் படிவம் எழுதினேன்.
அழைப்பு வந்த நேரம்: 1.36.
சம்பவ இடத்தை அடைந்த நேரம்:

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அடையவில்லை என்று எழுதினால்
நாளை விளக்கம் கேட்பார்கள்.
இடமே எழுந்து வந்தது என்று எழுத
கட்டம் போதாது.

2.09 என்று போட்டேன்.

ஸ்ட்ரெச்சர் விரிப்பை உதறியபோது
காலில் ஏதோ ஒட்டியது.
மீன் செதில் ஒன்று.
வண்டி விளக்கில் அது
கொஞ்ச நேரம் மினுங்கியது.
அடுத்த கால் எண்ணூரிலிருந்து.
அதற்கும் அதே கேட்.